கட்டாத சிவப்புச் சீட்டு

உங்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்கும் காவலரின் துப்பாக்கிக்கு எண்ணெய் காட்டி இரண்டு மாதமாவது ஆகியிருக்கும். உள்ளே வரும்போதே பார்த்தேன். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், இன்ஸ்பெக்டர் அம்மா. நாற்பது வருடமாக யார் கையில் துப்பாக்கி இருந்தாலும் என் கண் முதலில் அதன் மேல்தான் போகிறது. என்னிடம் கொடுத்தால் கால் மணி நேரத்தில் துடைத்துத் தந்துவிடுவேன். கொடுக்க மாட்டீர்கள் என்பதும் தெரியும்.

நீங்கள் கொடுத்த தாளில் என் கைப்படவே எழுதுகிறேன். பெயர் வேலுச்சாமி. வயது அறுபத்தொன்று. ராணுவத்தில் இருபத்துநான்கு வருடம் துப்பாக்கி பழுதுபார்க்கும் பிரிவில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். சூலக்கரையில் என் வீட்டின் முன்னறைதான் பட்டறை. துப்பாக்கி பழுதுபார்க்க முறையான உரிமம் இருக்கிறது. வங்கிக் காவலர்கள், பட்டாசு ஆலைக் காவலர்கள், காட்டுப்பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கிய விவசாயிகள் என்று வருவார்கள். தேர்தல் வந்தால் எல்லோரும் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் அல்லவா. இரண்டு மூன்று மாதம் மூலையில் கிடந்துவிட்டுத் துருவோடு திரும்பி வரும். பட்டாசுக்காரர்களுக்குத் தீபாவளி சீசன் என்றால் எனக்குத் தேர்தல் முடிந்த பிறகுதான் சீசன்.

ராணுவத்தில் துப்பாக்கிக்கென்று விதிப்புத்தகம் உண்டு. எப்போது துடைப்பது, எதை எந்த அளவுக்குள் பழுதுபார்ப்பது, எதற்கு மேல் தொடக்கூடாது என்று எல்லாம் எழுதியிருக்கும். சரிசெய்ய முடியாத பழுது என்றால் பார்த்தவன் அந்த இடத்திலேயே சிவப்புச் சீட்டு எழுதித் துப்பாக்கியில் கட்டிவிட வேண்டும். டீ குடித்துவிட்டு வந்து எழுதலாம் என்று நினைக்கக் கூடாது. சீட்டு கட்டிய துப்பாக்கியை யாரும் சுட முடியாது. பிறகு மூன்று பேர் உட்கார்ந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். அதன் பின் குழலையும் உடலையும் கேஸ் நெருப்பு வைத்துத் துண்டு துண்டாக வெட்டி, எண்ணைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடுவார்கள். வெளியே வந்த பிறகும் நான் இதைத்தான் கடைப்பிடித்தேன். என் பட்டறையில் ஒரு கட்டு சிவப்புச் சீட்டு எப்போதும் இருக்கும். அச்சடித்துத் தந்தது சிவகாசி அச்சகம்தான்.

இவ்வளவு விவரம் எதற்கு என்று கேட்பீர்கள். என் வேலையில் கவனக்குறைவு என்ற சொல்லுக்கு இடமே இருந்ததில்லை என்பது உங்களுக்குப் புரிய வேண்டும்.

ரோஜா என் மகள். ஒரே பிள்ளை. அவளுக்கு ஒன்பது வயதாகும்போது அவள் அம்மா காலமாகிவிட்டாள். இரண்டு வருடம் அவளுடைய சித்தி வீட்டில் இருந்தாள். நான் ஓய்வு பெற்று வந்து கூட்டிக்கொண்டேன். அதுவரை வருடத்துக்கு ஒரு மாதம் லீவில் வந்துபோகிற ஆளாகத்தான் என்னை அவளுக்குத் தெரியும். பட்டாளத்தில் நூறு பேரை அதட்டியிருக்கிறேன். வீட்டில் அவளிடம் சத்தம் போட எனக்கு வாய் வரவில்லை. விருந்தாளி மாதிரிதான் இருந்தேன். அவள் சமைத்ததைச் சாப்பிட்டேன், அவள் காட்டிய இடத்தில் உட்கார்ந்தேன். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை என்று அவளாகத்தான் பட்டாசு வேலைக்குப் போனாள். காலை ஏழு மணிக்கு ஆலை வேன் வரும். பேன்சி வெடிக்கு மருந்து செலுத்துகிற வேலை. கை சுத்தம், நல்ல வேலைக்காரி என்று ஃபோர்மேனே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

போன வருடம் பங்குனி மாதம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் இருந்த அறை வெடித்தது. மற்ற மூவரும் கை கழுவப் போயிருந்தார்கள். ரோஜா மட்டும் மிச்சமிருந்த மருந்துத் தட்டை ஓரமாக வைத்துவிட்டு வருகிறேன் என்று நின்றிருக்கிறாள். அவளுக்கு இருபத்தேழு வயது. அவள் என்று என்னிடம் கட்டிக் கொடுத்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

அறை வெடித்ததைப் பார்த்தவர் ஒருவர்தான். ஆலைக் காவலர் காளீஸ்வரன். சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்து இருபதடி தள்ளி நின்றிருக்கிறார். அதில் அவருக்கு ஒரு காது போய்விட்டது. அவரும் பழைய பட்டாளத்துக்காரர்தான். என்னைவிட ஆறு வயது இளையவர். காளி என்றுதான் நான் கூப்பிடுவேன். அவர் மனைவி செல்லத்தாய் என்னை வாய் நிறைய அண்ணே என்பாள். ரோஜா போன பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தூக்குச்சட்டியில் கறிக்குழம்பு கொடுத்துவிடுவாள். பெரும்பாலும் தானே கொண்டுவருவாள். "சாப்பிட்டீகளாண்ணே, இல்ல அப்படியே மூடி வச்சிருக்கீகளா" என்று பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் போவாள்.

விசாரணையில் காளி சொன்னது இதுதான்: ரோஜா தட்டைத் தூக்காமல் இழுத்தாள், தட்டு ரப்பர் விரிப்பைத் தாண்டித் தரையில் உரசியது, நெருப்புப் பறந்தது. விசாரணை அறிக்கையில் ஒரே வரியாக முடித்துவிட்டார்கள். தொழிலாளியின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம். அந்தத் தாளின் நகலை எனக்குக் கொடுத்தார்கள். வேலுச்சாமி மகள் ரோஜா, கவனக்குறைவு. இரண்டும் ஒரே வரியில் இருந்தன. தினமும் ஒரு தடவை எடுத்துப் படிப்பேன். எனக்குக் கோபம் வரவில்லை. அன்றிலிருந்தே எனக்கு எதுவும் வருவதில்லை, பசிகூட மணியைப் பார்த்துத்தான். காளி வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அப்படிச் சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். மனிதர்கள் அப்படித்தான்.

இந்த வருடம் தேர்தலுக்கு ஒப்படைத்த துப்பாக்கியைத் திரும்ப வாங்கிய காளி அதைத் துடைக்கக்கூடக் கொடுக்காமல் அப்படியே தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். ஆயுதபூஜைக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் என்னிடம் கொண்டுவந்தார். அவருடைய ஆலையில் ஒரு பழக்கம் உண்டு. அவர் ஆரம்பித்து வைத்ததுதான். பூஜை முடிந்ததும் ஆலைக்கு வெளியே, ரோட்டோரப் பொட்டலில் நின்று காளி வானத்தைப் பார்த்து ஒரு தோட்டா சுடுவார். அதன் பிறகுதான் வேன் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி நகரும். வருடத்தில் அந்தத் துப்பாக்கி சுடுவது அந்த ஒரு தடவைதான். மற்ற நாளெல்லாம் அவர் தோளில் சும்மா தொங்கும்.

இரட்டைக்குழல் துப்பாக்கி. பழையது. மறுநாள் காலையில் பிரித்தேன். துருவைத் தேய்த்து எடுத்தபோது வலது குழலின் அடியில், தோட்டா உட்காரும் இடத்தில், விரல் நகத்துக்கு ஏதோ தட்டியது. மண்ணெண்ணெய் தடவி, சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவிவிட்டுக் காத்திருந்தேன். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் திரும்பக் கசிந்து பொடியில் கோடு விழும். விழுந்தது. தலைமுடி அளவுதான், ஆனால் இரண்டு அங்குல நீளம். அதைப் பழுதுபார்க்க முடியாது. வெட்டிப் போட வேண்டிய துப்பாக்கி அது.

உடனே சீட்டு எழுதினேன். துப்பாக்கி எண், தேதி, "வலது குழலின் அடியில் இரண்டு அங்குல விரிசல், சுடக் கூடாது", கீழே என் கையெழுத்து. நூலைக் கோத்துவிட்டேன். கட்டப்போகும்போது காளி வந்தார். வேலை முடிந்துவிட்டதா என்று கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வந்தவர் நாற்காலியில் உட்காராமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, ரொம்ப நாளா உங்ககிட்டப் பேசணும்னு இருந்தேன். ரோஜா விசயத்துல நான் பாத்தத மட்டுந்தாண்ணே சொன்னேன். வேற யாருக்காகவும் சொல்லல."

"சரி காளி" என்றேன்.

"இழுக்காத தாயி, தூக்கி வையின்னு எம்புட்டோ தடவ சொல்லியிருக்கேண்ணே. சரி மாமாம்பா. சிரிச்சுக்கிட்டே போயிருவா. நான் பெத்த பிள்ளைன்னா முதுகுல ரெண்டு போட்டுத் திருத்தியிருக்கலாம்."

அவர் அழுதார். நான் தண்ணீர் கொடுத்தேன். துப்பாக்கி எப்போது கிடைக்கும் என்று போகும்போது கேட்டார். சாயங்காலம் வாங்க, தந்துவிடுகிறேன் என்றேன். அவர் போன பிறகு பார்த்தால் சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது.

இந்த இடத்தில் நான் சரியாக எழுத வேண்டும். மறந்து வைக்கவில்லை. காளி ராணுவத்தில் இருந்தவர், குழலை ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். அதனால் விரிசலில் மெழுகைத் தேய்த்து, மேலே பாலிஷ் போட்டேன். சாயங்காலம் அவர் பார்த்தார். "புதுசு மாதிரி ஆக்கிட்டீகளேண்ணே" என்றார். வெடிக்கும் என்று அப்போதும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. இன்னும் இரண்டு வருடம்கூடத் தாங்கியிருக்கலாம். ஒன்று மட்டும் நினைத்தேன். வெடித்தால் அவரைப் பற்றியும் யாராவது ஒரு வரி எழுதுவார்கள். காவலரின் கவனக்குறைவே காரணம் என்று எழுதுவார்கள். அதன் நகல் ஒன்றைச் செல்லத்தாய் கையில் கொடுப்பார்கள். அந்த வரியைப் படிப்பது எப்படி இருக்கும் என்று அப்போது அந்த வீட்டுக்கும் தெரியும், அவ்வளவுதான்.

ஆயுதபூஜை அன்று என்னையும் அழைத்திருந்தார்கள். போனேன். கேட்டுக்கும் வேனுக்கும் சந்தனம் வைத்து, துப்பாக்கிக்கு ஒரு முழம் செவ்வந்தி சுற்றியிருந்தார்கள். காளி பூவை எடுத்து வேன் மேல் வைத்துவிட்டுப் பொட்டலுக்கு நடந்தார். நான் நாற்பதடி தள்ளி வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றேன். சுடும்போது பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது என்பது விதி. செல்லத்தாய் சூடத்தட்டோடு அவருக்கு வலது பக்கம் நின்றாள். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாள். ஏன் என்று காளி கேட்டிருப்பார். அதனால் கூப்பிடவில்லை. எனக்கு வேர்க்கக்கூட இல்லை.

அந்த ஒரு தோட்டாவை அவர் வலது குழலில்தான் போடுவார்.

காளி மதுரை ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் இறந்தார். செல்லத்தாய்க்கு வலது கண் போய்விட்டது. அவளுடைய கண்ணுக்கு நான் பொறுப்பில்லை என்று இந்தத் தாளை எழுத உட்காரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன், விதிப்படி அவள் அங்கே நின்றிருக்கக் கூடாது என்பதால். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது கட்டோடு படுத்திருந்தவள் என் குரலைக் கேட்டுவிட்டு, "ஞாயித்துக்கிழம கொழம்பு கொடுத்துவிட முடியலண்ணே" என்றாள். நான் பழம் வாங்கிப் போயிருந்தேன். வைத்துவிட்டு வந்தேன்.

நேற்று நீங்கள் என் வீட்டைச் சோதனை போட்டீர்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காது, ஏனென்றால் சீட்டு என் சட்டைப் பையில்தான் இருந்தது. சட்டையை யாரும் பார்க்கவில்லை. இன்று காலை நீங்கள் எழுதிவைத்திருந்த அறிக்கையைப் படித்துக் காட்டினீர்கள். பழுதுபார்த்த வேலுச்சாமி விரிசலைக் கவனிக்கத் தவறிவிட்டார், இது அவருடைய கவனக்குறைவு என்று இருந்தது. வயதாகிவிட்டது, கண் மங்கியிருக்கும் என்று எனக்காகப் பரிதாபப்பட்டும் பேசினீர்கள். கையெழுத்துப் போட்டிருந்தால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருப்பேன்.

அதற்குப் பிறகுதான் வெள்ளைத் தாள் கேட்டேன். இதோ சீட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன். தேதியைப் பாருங்கள், பூஜைக்கு ஆறு நாள் முன்னால். விரிசல் எங்கே என்பதும் எவ்வளவு நீளம் என்பதும் அதில் இருக்கிறது. நான் கவனித்தேன். கவனித்துவிட்டுத்தான் கொடுத்தேன். காளீஸ்வரனை நான்தான் கொன்றேன். அறிக்கையில் கவனக்குறைவு என்ற அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள், அம்மா. நான் கேட்பது அது ஒன்றுதான்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டீர்கள். ரோஜாவைப் பற்றிக் காளி சொன்னது பொய்யா என்று. அதற்குப் பதிலை இங்கே எழுதுகிறேன். சோதனையின்போது என் வீட்டில் அடுப்படியிலிருந்து வாசல் வரை தரையில் இருக்கும் கோடுகள் என்னவென்று கேட்டதற்கு, கட்டிலை இழுத்தது என்று சொல்லியிருந்தேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அது வெந்நீர் அண்டா. நான் குளிப்பதற்காக ரோஜா தினமும் காலையில் அதை அடுப்படியிலிருந்து இழுத்துக்கொண்டு வருவாள். எதையும் தூக்கி வைக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. பதினாறு வருடம் அந்தச் சத்தத்தில்தான் கண் விழித்தேன். தூக்கி வை தாயி என்று ஒரு நாள்கூட நான் சொன்னதில்லை.