ராணிக்குத் தலையிடி

ஸ்டோவ்னர் புறநகருக்குப் போகும் ரயிலில் எனக்கு முன் இருக்கையில் ஒரு தாயும் மகளும். மகளின் கையில் அருங்காட்சியகத்தில் வாங்கிய அஞ்சலட்டை. அதில் பழைய அரசவை ஓவியம் ஒன்று: பதின்ம வயது ராணி, தலை நிறைய முத்து, இம்மியும் சிரிப்பில்லை.

“பாவம், பிள்ளைக்குத் தலையிடிக்குது,” என்றார் தாய்.

“அம்மா, அவ ராணி.”

“ராணியெண்டால் என்ன? கண்ணைப் பார். நீ பெரியபிள்ளையானதுக்குச் செய்த சாமத்தியவீட்டுப் படத்திலை நீயும் இப்பிடித்தான் நிண்டனீ.”

“எனக்கு உண்மையாத் தலையிடிச்சது. சொன்னனான். படம் எடுத்து முடியட்டும் எண்டனீங்கள்.”

தாய் மகளின் பக்கம் திரும்பினார்.

“ஹோலிலை கொழுவின அந்தப் பெரிய படத்தைக் கழட்டட்டே?”

“வேண்டாம்.”

“உனக்குத்தான் அது பிடிக்காதே.”

“என்ரை மூஞ்சைதான் பிடிக்காது. ஆனா நீங்கள் பின்னாலை குந்தியிருந்து, எனக்குப் பாரம் தெரியாமல் பூச்சடையைத் தாங்கிப் பிடிச்சனீங்களெல்லோ? உங்கடை விரல் படத்திலை தெரியுது.”

தாய் அட்டையை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முகத்தருகே பிடித்து நெடுநேரம் தேடினார்.

“இவளுக்குப் பின்னாலை ஒருத்தரையும் காணேல்லையடி.”