இறக்கத்தில் இன்ஜின் வேண்டாம்

எங்கள் மலையில் யாரும் இறக்கத்தில் இன்ஜினை ஓடவிடுவதில்லை சார். மேட்டு முனையில் அணைத்து நியூட்ரலில் விட்டால், ஆலங்காயம் அடிவாரம் வரை வண்டி தானாக உருண்டு போகும். பெட்ரோல் மிச்சம். பிரேக் மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

வக்காருக்கு இது தெரியாது. நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

வாணியம்பாடியில் தோல் பதனிடும் வேலை அவனுக்கு. வீட்டில் சண்டை போட்டுவிட்டு, பைக்கில் ஒரு மாதமாக ஊர் ஊராகச் சுற்றியவன், கிளட்ச் ஒயர் அறுந்து என் மெக்கானிக் கடை வாசலில் வந்து நின்றான். பத்து நிமிட வேலை. பெட்டியில் புது ஒயர் இருந்தது.

"ஸ்டாக் இல்லப்பா, ஆலங்காயத்துலேர்ந்து வரணும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கிறீர்கள். என் சம்சாரம் சாந்தம்மாள் செத்துப்போய் இரண்டு வருஷம். ஒரே ஒரு ஆளுக்குச் சாமைச்சோறு வடித்துப் பாருங்கள், புரியும்.

ஒன்பது நாள் இருந்தான்.

"இன்னாண்ணா, ஒயரு நடந்தே வருதா?"

"மலை ஏறணுமில்ல, மூச்சு வாங்கும்."

சிரிப்பான். என் சட்டையைப் போட்டுக்கொண்டு கடையைக் கூட்டுவான். குழம்பில் உப்பு இல்லை என்று திட்டுவான். அந்த வீட்டில் ஒருவர் திட்டிக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று.

பத்தாம் நாள் அவன் மனைவி தூபா போன் செய்தாள். பேசி முடித்தவனின் முகமே வேறாக இருந்தது.

"வூட்டுக்கு வரச் சொல்லிட்டாண்ணா. காலைல பஸ்ல போய்டறேன். வண்டிய அப்புறம் எடுத்துக்கறேன்."

"எதுக்கு? ஒயரு வந்துடுச்சு" என்றேன்.

கிளட்ச் ஒயரை ஒழுங்காகவே மாட்டினேன். முன் பிரேக் ஒயரில் நாலு இழையை மட்டும் விட்டு மற்றதை அறுத்தேன். பின் பிரேக் நட்டைக் கடைசி மரை வரை கழற்றினேன். ஒரு கால் முறிந்தால் மூன்று மாதம் படுத்திருப்பான், நான் பார்த்துக்கொள்வேன். அதுதான் என் நினைப்பு. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

"மேட்டு முனையில இன்ஜின ஆஃப் பண்ணிடு" என்று சொல்லி அனுப்பினேன்.

"நீ சொன்னா சரிண்ணா."

பின்னாலேயே என் மொபெட்டில் போனேன். ஏழாவது வளைவுக்குக் கீழே உன்னிப் புதரில் கிடந்தான். கால் நான் நினைத்தபடியே முறிந்திருந்தது. வயிற்றில் பட்டிருந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் நினைவு இருந்தது, பேச்சு இருந்தது.

நூற்றெட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். வேலூருக்குக் கொண்டுபோவார்கள். பிழைத்து, அங்கிருந்து நேராக வீட்டுக்குப் போய்விடுவான்.

அவன் போன் அடித்தது. தூபா. "எடுத்துச் சொல்லுண்ணா" என்றான். எடுத்தேன்.

"வண்டி இன்னும் ரெடியாவலம்மா. ரெண்டு நாளு ஆவும். தம்பி தூங்குது" என்று சொல்லி வைத்தேன்.

அவன் என்னையே பார்த்தான். பிறகு, "அண்ணா, வுட்டுட்டுப் போய்டாதண்ணா" என்றான்.

நான் போகவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறியது. மேலே இரண்டு பஸ்கள் போயின. நான் குரல் கொடுக்கவில்லை.

உச்சிப்பொழுது வரை என் கையைப் பிடித்திருந்தான். கடைசியில் விரல் விரலாக நான்தான் பிரிக்க வேண்டியிருந்தது. நான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் போக நினைத்தவன் என்று மட்டும் எழுதாதீர்கள். போக நினைப்பவன் கையை அப்படிப் பிடிப்பானா சார்?