ஹனிபா பாய் வீட்டு நீல ட்ரம்

கறிவேப்பிலைச் செடிக்கு நிறையத் தண்ணீர் ஊற்றக் கூடாது, இன்ஸ்பெக்டர். பாசம் மிகுந்துபோய் ஊற்றி ஊற்றியே பாதிப் பேர் அதைச் சாகடித்துவிடுகிறார்கள். உங்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்பதும் அப்படித்தான் வாடுகிறது. போகும்போது சொல்லலாம் என்றிருந்தேன். நீங்கள் போகவிட மாட்டீர்கள் போலிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சிம்பாங் அம்பாட்டில் ஜூலியஸ் என்றால் லோரிக்காரன் என்றுதான் தெரியும். மனைவி வெரோனிக்கா போய்ச் சேர்ந்த பிறகு என் வீட்டுக் கேட்டை மீட்டர் பார்க்கிறவன் மட்டும்தான் தட்டுவான். இந்த வருடம் வறட்சி வந்தது, என் பிழைப்பே மாறிப்போனது. எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லார் வீட்டுத் தோட்டமும் கருகியது. நான் லோரியில் தொட்டியை ஏற்றி, ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்து வீடு வீடாக ஊற்றினேன். இருசம்மாக்கா நெத்திலி சம்பல் கொடுத்தனுப்பினார். இன்னொரு வீட்டிலிருந்து மீன் குழம்பு வந்தது. "ஜூலியஸ் இல்லன்னா நாம என்ன பண்றது லா?" என்று என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். ஒளிப்பானேன், அந்த வறட்சி முடியக் கூடாது என்று ஜெபித்திருக்கிறேன்.

முடிந்துவிட்டது. மழை வந்ததும் என்னை மறந்தார்கள்.

அப்போதுதான் ஹனிபா பாய் கிளம்பினார். மளிகைக் கடையை விற்றுவிட்டு வீட்டோடு இருந்தவர். செடி பிழைத்தவர்கள் இழந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றார். நல்ல யோசனைதான். லூபோக் சீனாவிலிருந்து முருங்கைக் கொம்பு, புலாவ் செபாங்கிலிருந்து சமையலுக்கு வாசனை தரும் பாண்டான் செடி, எல்லாம் என் லோரியில்தான் வந்தன. ஆனால் நாற்று வளர்ந்தது பாய் வீட்டுக் கொல்லையில். மாலையானால் அவர் வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும். என் கேட்டுக்குப் பழையபடி மீட்டர்காரன்தான்.

எனக்கு வயிறு எரிந்தது. அந்த நாற்றுகள் பட்டுப்போனால் போதும் என்று நினைத்தேன். மறுபடி எல்லாருக்கும் என் லோரி தேவைப்படும். வேறு கெட்ட எண்ணம் கிடையாது.

குழாய் பழுது பார்க்கிறார்கள், நாளை தண்ணீர் வராது என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. தாமான் குழுவில் அதைப் போட்டதே நான்தான். பாய் உடனே கூப்பிட்டார்.

"நாளைக்கு வெள்ளிக்கெழம, ஜூலியஸு. நம்ம நீல ட்ரம்ம ரொப்பி வெச்சிரு லா. செடிக்கும் ஆவும், தொழுகைக்கு முன்ன கைகால் கழுவி ஒலு செய்யவும் ஆவும்."

ரொப்பினேன். எஸ்டேட்டுக்கு லோரி ஓட்டிய காலத்திலிருந்து என் ஸ்டோரில் கிடந்த புல் கொல்லும் மருந்தையும், டின் முழுவதும், அதில் ஊற்றினேன். ஆற்றுத் தண்ணீர் கலங்கலாக இருந்தது வசதியாகப் போயிற்று. அன்று மாலையே பாய் நாற்றுகளுக்கு ஊற்றிவிட்டார்.

மறுநாள் நான் அவர் கேட்டருகே நின்றிருந்தேன். பாய் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, ட்ரம்மிலிருந்து மொண்டு கை கழுவினார். வாயில் ஊற்றிக் கொப்பளித்தார். முகம் சுளித்தார்.

"தண்ணி ஒரு மாதிரி கசக்குதே லா."

"ஆத்துத் தண்ணி பாய், அப்படித்தான் இருக்கும்," என்றேன்.

என்னை நம்பி இன்னும் இரண்டு முறை கொப்பளித்தார். ஒரு மடக்கு உள்ளேயும் போயிருக்கும்.

ஆஸ்பத்திரிக்கு அவரைக் கொண்டுபோனதும் நான்தான். என்ன சாப்பிட்டார், என்ன குடித்தார் என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்டார். பாயின் மனைவி ஹஃப்சாக்கா அழுதபடி என் முகத்தைப் பார்த்தார். எனக்குத் தெரியாது என்றேன். பாய் கண்ணை மூடும்வரை தினமும் அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். எதற்கும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். இருசம்மாக்கா மறுபடி சம்பல் கொடுத்தார். நெடுநாளுக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நாற்றுகளும் பாயும் ஒரே வாரத்தில் போனதை அக்காதான் உங்களிடம் சொன்னாராம். அதில் எனக்குக் கோபமில்லை. எழுதிக்கொள்ளுங்கள், ஹனிபா பாயைக் கொன்றது நான்தான்.

ஒரே ஓர் உதவி. அந்த ட்ரம்மை நன்றாகக் கழுவ வேண்டும், அக்காவுக்கு அதெல்லாம் தெரியாது. ஒரு மணி நேரம் என்னை விட்டால் செய்து கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். பாவம், அக்கா தனியாக இருக்கிறார். என்னை விட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்?