லூனிஜானாவின் ஒரே போர்

சன்னலைத் திறந்து வைத்ததற்கு நன்றி. ஸ்பெட்சியாவில் இந்த மாதத்தில் மூடிய விசாரணை அறைக்குள் உட்கார முடியாது. டெமார்ட்டிஸ் என்மேல் கொடுத்த புகாரில், ஒரு வரியைத் தவிர, எல்லாமே உண்மை. அதனால் அவரை மறுபடி கூப்பிட்டு வதைக்க வேண்டாம். என் கப்பலில் எனக்கு அடுத்த பொறுப்பில் இருந்தவர். நல்ல அதிகாரி, கொஞ்சம் இளகிய மனம்.

கப்பலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் மற்றது புரியாது.

லூனிஜானா என்ற குரூசர் போர்க்கப்பலுக்குப் பக்கங்களில் கவசம் கிடையாது. உள்ளே, நீர்மட்டத்தை ஒட்டி, ஆமை ஓடு போல வளைந்த எஃகுத் தளம் ஒன்று உண்டு. இயந்திரமும் வெடிமருந்தும் அதற்கடியில் பத்திரமாக இருக்கும். இருபுறமும் நிலக்கரி அறைகள்; குண்டு வந்தால் கரி வாங்கிக்கொள்ளும். மேல்தளத்தில் நிற்பவனுக்கு அவன் சட்டைதான் கவசம். இதைக் குறை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. எதைக் காப்பது, எதை விடுவது என்பதில் அதை வரைந்தவருக்குக் குழப்பமே இருக்கவில்லை.

வெள்ளோட்டத்தில் சொன்ன வேகம் வரவில்லை. பாய்மரங்களை வைத்தார்கள், பிறகு கழற்றினார்கள். கனம் தாங்காமல் ஆடுகிறதென்று பெரிய பீரங்கிகளை இறக்கிவிட்டுச் சிறியவற்றை ஏற்றினார்கள். புவெனோஸ் ஐரிஸுக்கும் ஷாங்காய்க்கும் கொடி காட்டப் போனது; தூதர்களின் மனைவிமார் தளத்தில் நடனமாடினார்கள். போர் என்று ஒன்றை அது பார்த்ததேயில்லை.

துருக்கியரோடு நம் இத்தாலிக்குச் சண்டை மூண்டபோது எங்களைச் செங்கடலுக்கு அனுப்பினார்கள். மசாவா துறைமுகத்தில் அதிகாரிகள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசையில், புதிய குரூசர் ஒன்றின் கேப்டன் ஸ்கார்பா என்னைக் கேட்டான்:

"ஏன் ரசெத்தோ, உன் கிழவி இதுவரைக்கும் யாரையாச்சும் கொன்னிருக்காளா? உன் சமையல்காரன் வச்ச சூப்பைக் குடிச்சுச் செத்தவனையெல்லாம் சேக்காத."

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

"சண்டை முடிஞ்சதும் அவளைப் பழைய இரும்புக்குப் போடப் போறாங்களாம்," என்றான். "அந்த இரும்புல ஆணியாவது செய்யலாம்."

விசாரித்தேன். உண்மைதான்.

அடுத்த வாரம் துருக்கியர் வசமிருந்த அரேபியக் கரையோரம் ரோந்து போனோம். காலை வெயிலில் ஒரு மீனவர் ஊர் தெரிந்தது. கரையில் ஆட்கள் கூடியிருந்தார்கள். பீரங்கிகளைத் தயார் செய்யச் சொன்னேன். டெமார்ட்டிஸ் தூரக்கண்ணாடியை என் கையில் திணித்தார்.

"கேப்டன், அங்க கோட்டையும் இல்ல, கொடியும் இல்ல. மீன் காயப்போட்டிருக்காங்க."

"ஏதோ மின்னுதே."

"மீன் செதில் மின்னாம என்ன செய்யும்? பொம்பளைங்க, கேப்டன். நல்லாப் பாருங்க."

"பாத்துட்டேன்."

"பாத்துட்டுமா?"

"அதான் சொல்றேனே. நீங்க கீழ போங்க."

அவர் போகவில்லை. இரண்டு பேர் பிடித்துக் கொண்டுபோய் அவரது அறையில் அடைத்தார்கள்.

பீரங்கிகள் ஒழுங்காக வேலை செய்தன. கப்பல் ஆடவேயில்லை; இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் சுற்றில் படகுகள் போயின. ஜனங்கள் மணல்மேட்டை நோக்கி ஓடினார்கள். பீரங்கிகளின் வாயைக் கொஞ்சம் உயர்த்தச் சொன்னேன். மணல்மேட்டில் பிறகு எதுவும் அசையவில்லை. பதிலுக்கு யாரும் சுடாததால், ஒரு மாலுமியின் துப்பாக்கியை வாங்கி எங்கள் புகைபோக்கியில் நானே இரண்டு ஓட்டை போட்டேன். மசாவாவில் எல்லோரும் அந்த ஓட்டைகளைத் தொட்டுப் பார்த்தார்கள். ஸ்கார்பா எழுந்து வந்து என் கையைக் குலுக்கினான்.

புகாரில் தவறான வரி எது என்றீர்கள். என் பெருமைக்காக நான் இதைச் செய்ததாக டெமார்ட்டிஸ் எழுதியிருக்கிறார். பதக்கத்தை நான் கேட்கவில்லை. கொடுத்தார்கள், குத்திக்கொண்டேன். செய்ததெல்லாம் கப்பலுக்காக. இத்தனை வருடம் உழைத்த கப்பல், ஒரு போரையாவது பார்க்காமல் உலைக்குப் போவது நியாயமா?

ஊரின் பெயர் எனக்குத் தெரியாது. வரைபடத்தில் அந்த இடத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அன்று காலை, பெயர் எழுதியிருந்த இரண்டு ஊர்களைக் கடந்துதான் அங்கே போனோம். அவற்றில் ஒரு குண்டுகூட விழவில்லை. பெயர் இருந்தால் யாராவது வந்து கேட்பார்கள்.