டிரில்லு பாக்க வந்த கதை

ராஜதுரை: ...அதனால, கடைக்குள்ள நீ வாயே தொறக்கப்படாது. கொற்கையில இருந்து வாரோம்னு மூச்சு விடாத.

பேச்சி: சரி.

ராஜதுரை: நம்ம செல்வியக் கேட்டு வந்திருக்க எடம் இது. பொண்ணோட அப்பான்னு தெரிஞ்சா பய நடிப்பான். யாவாரத்துல பொய் சொல்லுதானான்னு பாத்துட்டுத்தான் பேச்சு.

பேச்சி: வாழை போடுத ஆளுக்கு டிரில்லு எதுக்குன்னு கேட்டா?

ராஜதுரை: மோட்டார் ரூமுக்கு... நீ சும்மா வாளா.

செந்தில்முருகன்: வாங்க அண்ணாச்சி, வாங்கம்மா. என்ன பாக்கீய?

ராஜதுரை: இந்த... வயரு இல்லாம, தட்டித் தட்டி ஓட்ட போடுமே...

செந்தில்முருகன்: ஹேமர் டிரில்லா? இந்தாங்க, பிடிச்சுப் பாருங்க.

ராஜதுரை: ஏயப்பா, கனக்கே!

செந்தில்முருகன்: பேட்டரி கனம். அது அடியில இருந்தாத்தான் மூக்கு முன்னால சாயாது.

ராஜதுரை: கான்கிரீட்டுல எறங்குமா?

செந்தில்முருகன்: எறங்கும். ஆனா வரிசையாப் போட்டா திணறும், அதுக்கு வேற மெஷினு. செங்கச் சுவருக்கு இது தாராளம். நம்மூரு உப்புக்காத்துக்கு எண்ணெய் தொடச்சு வைக்கணும், இல்லன்னா துருப்பிடிச்சிரும்.

ராஜதுரை: அந்தா... வெல கூடுனது இருக்கே, அது உசத்தியில்லா?

செந்தில்முருகன்: ஒங்களுக்கு எத்தன ஓட்ட போடணும்?

ராஜதுரை: ஒரு... ரெண்டு.

செந்தில்முருகன்: ரெண்டு ஓட்டைக்கு டிரில்லே வேண்டாம் அண்ணாச்சி. வீடு எங்கன? நானே வந்து போட்டுத் தாரேன்.

ராஜதுரை: வீடா... அது அங்கன... தள்ளி...

பேச்சி: க்கும்.

செந்தில்முருகன்: சரி, இந்தக் கல்லுல அமுக்கிப் பாருங்க.

ராஜதுரை: கொண்டா... ஏலே, சுத்துது, எறங்க மாட்டக்கே! சரக்கு சரியில்ல.

பேச்சி: ரிவர்ஸ்ல இருக்கும். அந்தப் பட்டன இங்கிட்டுத் தள்ளுங்க.

ராஜதுரை: ஒனக்கு எப்படித் தெரியும்?

பேச்சி: சும்மா... தோணுச்சு.

ராஜதுரை: ம்... இப்பம் எறங்குது. ஆனா கோணிட்டுப் போச்சே. பக்கத்து ஓட்ட நூல் பிடிச்சாப்ல இருக்கு, நீ போட்டதா?

செந்தில்முருகன்: இல்ல, ஒரு... கஸ்டமரு.

ராஜதுரை: கெட்டிக்காரன்!

செந்தில்முருகன்: இருங்க, டீ சொல்லுதேன். மாஸ்டர்! ரெண்டு டீ... ஒண்ணு சாதா, அம்மாவுக்குச் சீனி இல்லாம!

ராஜதுரை: ஏலே, நில்லு. இவளுக்குச் சீனி ஆகாதுன்னு ஒனக்கு யாரு சொன்னா?

செந்தில்முருகன்: அது வந்து...

ராஜதுரை: ஏளா பேச்சி?

பேச்சி: என்னய ஏன் பாக்கீய? அவருகிட்டயே கேளுங்க.

செந்தில்முருகன்: கோவப்படாதீய மாமா...

ராஜதுரை: மாமாவா!

செந்தில்முருகன்: போன வாரம் அத்தையும் செல்வியும் யாருன்னு சொல்லாம டிரில்லு பாக்கணும்னு வந்தாவ. நீங்களும் இப்படித்தான் வருவீய, சிரிச்சிரக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாவ.

ராஜதுரை: அடப்பாவிகளா! என்னயக் கூத்தாட விட்டா பாத்திய? ...சரி, போட்டும். பையன் யாவாரத்துல பொய் சொல்லல, எனக்குப் பிடிச்சிருக்கு. ஆமா, அந்த நேரான ஓட்ட நம்ம பிள்ள போட்டதா?

பேச்சி: அவ எங்க கல்லப் பாத்தா? மாப்பிள மொகத்தயில்லா பாத்துட்டு நின்னா. ஓட்ட போட்டது நாந்தான்!