கல்லை மாற்றி அடுக்கிய வீடு

புது மீனை வாங்கிவந்த கையோடு தொட்டிக்குள் கொட்டிவிடக் கூடாது. பலரும் செய்கிற தப்பு அது. பையைப் பிரிக்காமல் தண்ணீரில் மிதக்கவிட வேண்டும். பைத் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரட்டும். பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்க்க வேண்டும். விளக்கை அணைத்து வைக்க வேண்டும். பொறுமை இருந்தால் பழகிவிடும்.

நீங்கள் கேட்டது பீங்கான் அலமாரியைப் பற்றி. தெரியும். அதன் கால்களுக்கடியில் கம்பளித் துண்டு ஒட்டியிருந்ததை டோரீன் உங்களுக்குக் காட்டிவிட்டாள். மீனிலிருந்து ஆரம்பித்தால்தான் அது உங்களுக்குப் புரியும். நான் சுற்றி வளைக்கவில்லை.

போன இலையுதிர் காலத்தில் டோரீனைக் கல்யாணம் செய்துகொண்டேன். இந்த வயதில் எனக்கு ஒரு பெண் சரி என்று சொல்வாள் என்று நான் நினைத்ததே இல்லை. டுலூத்தில் எங்கள் அப்பா கட்டிய வீட்டில் அதுவரை நானும் என் அக்கா சோல்வேயும் மட்டும்தான். சர்க்கரை நோய் சோல்வேயின் கண்களை எப்போதோ வாங்கிக்கொண்டது. ஆனால் வீட்டுக்குள் அவளைப் பார்த்தால் பார்வை இல்லாதவள் என்று சொல்ல மாட்டீர்கள். அறையிலிருந்து வந்து, இடது கையைச் சுவரில் ஓட்டிக்கொண்டே நடப்பாள். முதலில் நிலவறைப் படிக்கட்டின் கதவு, எப்போதும் மூடியிருக்கும். அடுத்து அம்மாவின் பீங்கான் அலமாரி. அலமாரி முடிந்ததும் இடது பக்கம் திரும்பினால் அடுப்படி.

அதனால்தான் ஒரு பொருளை நகர்த்தவும் அவள் விடமாட்டாள். டோரீன் தன் கோப்பையை எங்கே வைத்தாலும் சண்டை.

"ஏம்மா, இது என்ன பஸ் ஸ்டாண்டா, வர்றவங்க போறவங்க மூட்டைய இறக்கி வைக்க?" என்பாள் சோல்வே.

"நான் வந்துட்டுப் போறவ இல்ல. உன் தம்பி பொண்டாட்டி."

"அவன் பவளப்பாறையும் வாங்கிட்டு வந்தான், சாயம் போனதும் தூக்கிப் போட்டான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. டோரீன் அதைப் பார்த்துவிட்டாள். அன்றைக்கு அவள் சொன்னது: "இந்த வீட்டுல என் கோப்பைக்கே இடமில்ல, ஆர்லன். ஈஸ்டருக்குள்ள ஏதாவது பண்ணு. இல்லன்னா என் தங்கச்சி வீட்டோட போயிடுறேன்."

அவளைச் சமாதானப்படுத்தத்தான் வளர்ப்பு மீன் சங்கத்து ஏலத்துக்குக் கூட்டிப்போனேன். தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் மாதாமாதம் நடக்கும். மஞ்சள் சிக்லிட் மீன் ஒன்றை அவளே கை தூக்கி எடுத்தாள். வெளியே குளிர் உயிரை வாங்கியது. பையைத் தன் கோட்டுக்குள், நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொண்டு வந்தாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

என் தொட்டியில் பழைய ஆள் ஒருவன் உண்டு. நீல நிறம், மேயர் என்று பெயர் வைத்திருந்தேன். எல்லா முறையும் செய்தும் அவன் மஞ்சளை விடவில்லை. ஒரு பொந்து விடாமல் துரத்தினான். வாலும் துடுப்பும் கிழிந்து அது மேல் மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றது. டோரீன் கண்ணாடியில் கை வைத்தபடி, "இது நான்தான், ஆர்லன்," என்றாள்.

இதற்கு எங்கள் சங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்று இருக்கிறது. கல்லையெல்லாம் எடுத்து வேறு மாதிரி அடுக்கிவிட வேண்டும். பழைய மீனுக்கும் அது புது இடமாகிவிடும். தன் எல்லை எது என்று தெரியாதபோது அது யாரையும் விரட்டாது. அடுக்கினேன். மேயர் குழம்பிப்போய்ச் சுற்றிச் சுற்றி வந்தான். மஞ்சள் ஒரு பொந்துக்குள் புகுந்துகொண்டது.

"என்னடா கல்ல உருட்டுற?" என்றாள் சோல்வே, நாற்காலியிலிருந்து. விவரம் சொன்னேன்.

"பாவம்டா அந்தக் கெழவன். கண்ணு முழிச்சுப் பாத்தா வீடே வீடா இல்ல," என்றாள்.

அந்த வார்த்தை எனக்குள் தங்கிவிட்டது. தொந்தரவாகத்தான் இருந்தது. ஆனால் தொந்தரவு என்பதற்காக ஒரு நல்ல யோசனையை விட்டுவிட முடியுமா?

டோரீன் தங்கை வீட்டுக்குப் போயிருந்த சனிக்கிழமை, சோல்வேயும் தேவாலயத்தில் பெண்களோடு மெத்தைவிரிப்பு தைக்கப் போயிருந்தாள். அலமாரியைக் கம்பளித் துண்டின்மேல் ஏற்றி, நிலவறைக் கதவைத் தாண்டி அவள் அறைப் பக்கமாகத் தள்ளினேன். இப்போது முதலில் அலமாரி, அடுத்துக் கதவு. சத்தமே வரவில்லை. நாற்காலிகளையும் மாற்றினேன். அவள் திரும்பியதும், காலணியில் பனி, வழுக்கும் என்று சொல்லிக் கைத்தாங்கலாக அறைவரை கொண்டுபோய் விட்டேன். "என்னடா இன்னிக்கு இவ்வளவு பாசம்?" என்று கேட்டாள். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் தொட்டித் தண்ணீர் மாற்றுகிற நாள். ரப்பர் குழாயை நிலவறைச் சாக்கடைக்கு இறக்குவேன். அதற்குக் கதவு திறந்திருக்க வேண்டும். குழாய் ஓடும் சத்தம் கேட்டால் அவள் அறையிலேயே இருப்பாள், அதுதான் எங்களுக்குள் ஏற்பாடு. அன்றைக்குத் தண்ணீரை மெதுவாக விட்டேன். மஞ்சள் மீன் பயந்துவிடக் கூடாதே.

அவள் வந்தாள். கை அலமாரியில் பட்டதும் நின்றாள்.

"என்னடா, ராத்திரியோட ராத்திரி வீடு சுருங்கிடுச்சா?" என்று சிரித்தாள்.

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சொன்னேன். "காபி ஆறுது, வா," என்றேன்.

அலமாரி முடிந்த இடத்தில் அவள் இடது பக்கம் திரும்பினாள்.

அன்று மாலை டோரீன் வந்தாள். அலமாரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கோட்டைக்கூடக் கழற்றாமல் உங்கள் போலீஸ் நிலையத்துக்குப் போன் செய்தாள். அவளுக்காகத்தான் இடம் பண்ணினேன் என்பது அவளுக்குப் புரியவில்லை. கோபம் ஆறினால் வருவாள். அவள் கோப்பையை அடுப்படி ஜன்னலோரம் வைத்திருக்கிறேன்.

ஆம்புலன்ஸை ஏன் அவ்வளவு நேரம் கழித்துக் கூப்பிட்டேன் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. சோல்வே கீழேயிருந்து பேசிக்கொண்டுதான் இருந்தாள். "ஆர்லன், அலமாரிய யாருடா நகத்துனது?" என்றாள். அப்புறம் என் பெயரை மட்டும் சொன்னாள். எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஆனால் தொட்டியில் அப்போது பாதித் தண்ணீர்தான். அதை நிரப்பி முடிக்கச் சற்று நேரம் பிடிக்கும். வெளியே அவ்வளவு குளிர், புதுசாக வந்த மீன். அதை அந்த நிலையில் விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.