சாரதாமணியம்மா வீட்டு லைன்

யாராவது புது இணைப்பு கேட்டு வந்தால் நான் முதலில் சொல்வது இதைத்தான்: வேகத்தைப் பார்த்து ஏமாந்துபோகாதீர்கள். நூறு வேண்டும், இருநூறு வேண்டும் என்பார்கள். பக்கத்து வீட்டில் முந்நூறாம், நமக்கு மட்டும் என்ன குறைச்சல் என்பார்கள். நானும் மறுப்பதில்லை. இணைப்புக் கொடுத்த கையோடு அவர்கள் போனிலேயே ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டுவேன். முள் விர்ரென்று ஏறும். வீட்டில் எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிடும். ஆனால் அந்த முள் காட்டுவது அந்த அரை நிமிடத்து வேகத்தை. மீதி நாளெல்லாம் லைன் ஒழுங்காக நிற்கிறதா, விட்டு விட்டு வருகிறதா என்பதை அது காட்டாது. இதைச் சொன்னால் ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

சாரதாமணியம்மா எப்படிச் செத்தார் என்று கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன் ஐயா. நீங்களும் அவசரப்படவில்லை, டீ வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். ஆனால் வேகத்துக்கும் தரத்துக்கும் உள்ள வித்தியாசம் புரியாவிட்டால் நான் செய்தது உங்களுக்குப் புரியாது. எங்கள் கம்பெனிக்கே புரியவில்லை. அதனால்தான் இத்தனை மாதம் ஓடியது.

என் பெயர் மாரிச்செல்வம். சங்கரன்கோவில் பக்கம். இங்கே வந்து முதலில் பனியன் கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் ஹெல்பராக இருந்தேன். பிறகு கேபிள் டிவி, அதன் பிறகு இன்டர்நெட். அருள்புரத்தில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். என் மனைவி நதியா ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. "ஒங்ககூட இருக்கதும் ஒண்ணுதான், தனியா இருக்கதும் ஒண்ணுதான்" என்றாள். பஸ் ஏற்றி விட்டேன்.

இந்தப் பக்கம் பாதி வீட்டுப் போன்களில் என் நம்பர் இருக்கும். "நெட்டு" என்றோ "நெட்காரர்" என்றோ பதிந்து வைத்திருப்பார்கள். தீபாவளிக்கு வாழ்த்துச் சொல்ல ஒரு போன் வராது. தீபாவளியன்று லைன் போனால் மூச்சுவிடாமல் வரும். இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை, தொழில் அப்படி. நல்லபடியாக இருக்கிற லைனை யாரும் நினைப்பதில்லை, அதைப் போட்டவனையும் நினைப்பதில்லை.

சாரதாமணியம்மாவின் வீடு ஊரைத் தாண்டித் தோட்டத்துக்குள் இருக்கிறது. வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். ஒரே மகள் அனிதா அயர்லாந்தில். தோட்டத்து வீடுகளில் வயதானவர்கள் தனியாக இருப்பது இப்போது எல்லோருக்கும் பயமாகிவிட்டதல்லவா, அந்தப் பயத்தில்தான் அனிதா நெட்டும் கேமராவும் போடச் சொன்னார். பள்ளமான இடம். செல்போன் சிக்னல் வீட்டுக்குள் எடுக்காது. ரோட்டோரத் தென்னை வரை நடந்து வந்தால் லேசாக எடுக்கும். மற்றபடி மகளோடு பேசுவது, யாரையாவது கூப்பிடுவது எல்லாமே வைஃபையில் வாட்ஸ்அப்பில்தான். தங்கி இருப்பவர்கள் வேறு யாரும் இல்லை. வேலைக்கு வருகிற மருதாள் ஞாயிற்றுக்கிழமையானால் வெள்ளகோவிலில் இருக்கும் தன் மகள் வீட்டுக்குப் போய்விடுவார். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

முதல் நாள் நான் ஏணியை விட்டு இறங்கும்போது சொம்போடு நின்றுகொண்டிருந்தார்.

"வெயில்ல நின்னுட்டு இருக்கறயே, மொதல்ல இந்த மோரக் குடி கண்ணு. பேரென்ன உன்ர பேரு?"

சொன்னேன்.

"மாரிச்செல்வமா? சோறு உண்டயா?"

"ரூம்ல போய்ச் சாப்ட்டுக்கிடுதேம்மா."

"ரூம்ல ஆரு ஆக்கி வெச்சிருக்கறாங்க? உக்காரு சாமி, அரிசிம்பருப்பு இருக்குது."

எனக்கு நாற்பதை நெருங்குகிறது. என்னைக் கண்ணு என்று கூப்பிட்டால் யாரும் சிரிப்பார்கள். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்குள்ளே நாற்காலி போட்டு உட்கார வைத்து, நெய் ஊற்றி, பக்கத்திலேயே நின்று பரிமாறினார். இந்த ஊர்க்காரர்கள் மரியாதையானவர்கள், ஏனுங்க வாங்க என்று வாய் நிறையப் பேசுவார்கள். ஆனாலும் பெரும்பாலும் வாசலோடு சரி. உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டது அவர் ஒருவர்தான். அன்று அந்த வீட்டு வேலையைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். எங்கும் ஒரு வளைவு இல்லாமல் கேபிளை இழுத்தேன். நான் போட்டதிலேயே நல்ல லைன் அதுதான்.

அதுதான் தப்பாகப் போயிற்று. லைன் ஒரு நாள்கூடக் கெடவில்லை. மாதங்கள் போயின. ஒரு போன் இல்லை.

கம்பத்தில் ஒரு பெட்டி இருக்கும். அதிலிருந்துதான் ஒவ்வொரு வீட்டுக்கும் கண்ணாடி நூல் பிரிகிறது. அந்த நூலுக்குள் போவது வெளிச்சம். நூலை இறுக்கி வளைத்தால் வெளிச்சம் கொஞ்சம் கசிந்துவிடும். கேபிள் கட்டும் பிளாஸ்டிக் டை ஒன்று போதும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அளவாக இறுக்கினால் ஸ்பீடு டெஸ்டில் முள் முழுசாக ஏறும். ஆனால் வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போது எதிராளியின் முகம் உறைந்துபோகும். கம்பெனிக்குப் புகார் போனால் அங்கே உட்கார்ந்தபடி வேகத்தை அளந்துவிட்டு, "உங்கள் இணைப்பு நன்றாக உள்ளது" என்று பதில் அனுப்பிவிடுவார்கள். ஆக, நேரில் போக வேண்டியவன் நான் ஒருவன்தான்.

அவர் வீட்டு நூலை இறுக்கிய மறுநாளே போன் வந்தது.

"என்னன்னு தெரீல கண்ணு, அனிதா மொகம் அப்பிடியே நின்னு போயிருது. பேசறதும் துண்டு துண்டா வருது. வந்து பாத்துக் குடுக்கறயா?"

"இந்தா வாரேம்மா" என்றேன்.

போனேன். டையைத் தளர்த்த ஒரு நிமிடம் ஆகாது. ஒரு மணி நேரம் இருந்தேன். சாப்பிட்டேன். அவர் தன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னார், முன்னே இருந்த மாட்டைப் பற்றிச் சொன்னார், நான் நதியாவைப் பற்றிச் சொன்னேன். "வருவா கண்ணு, பொறுத்திரு" என்றார். என் விஷயத்தில் அப்படிச் சொன்னவர் வேறு யாரும் இல்லை.

பேராசைப்படவில்லை ஐயா. அடிக்கடி செய்தால் சந்தேகம் வரும் என்பது ஒரு பக்கம், அவருக்கும் சிரமம் தரக்கூடாது என்று நினைத்தேன். இடையில் அவசரத்துக்கு ஆகுமே என்று ஒரு வழியும் சொல்லிக் கொடுத்தேன். ரௌட்டர் சுவிட்சை அணைத்து, பத்து எண்ணி, மறுபடி போட்டால் லைன் புதிதாகப் பிடிக்கும். கொஞ்ச நேரம் வரும், அப்புறம் போய்விடும். அந்தக் கொஞ்ச நேரத்தில் பேச வேண்டியதைப் பேசிவிடலாம். சின்னப் பிள்ளை மாதிரி விரலை மடக்கிப் பத்து எண்ணிப் பழகிக்கொண்டார். "நீ சொன்னாப்டியே பண்ணுனன், செத்த நேரம் வந்துச்சு கண்ணு" என்று பெருமையாகச் சொல்வார்.

மகளோடு பேச்சு குறைந்தது உண்மைதான். முன்பெல்லாம் மாலை முழுக்கப் பேசுவார்களாம். பேரக்குழந்தை பாட்டுப் பாடும்போது படம் நின்றுவிட்டதென்று ஒரு நாள் கண் கலங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னேன். அங்கே பேசாத பேச்செல்லாம் என்னிடம் பேசினார். எனவே அவருக்கு நஷ்டம் என்று சொல்ல முடியாது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மோரைக் கையில் கொடுத்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அனிதா வேற கம்பெனி நெட்டு மாத்தச் சொல்லிட்டா கண்ணு. திங்கக்கெழம ஆளு வராங்களாமா. நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத."

"அதுக்கென்னம்மா" என்றேன்.

"நெட்டு இல்லாட்டி என்ன, நீ பாட்டுக்கு வந்து போயிட்டு இரு. அடுத்த வாரம் நோம்பி வருது, மாவெளக்கு எடுக்கறோம். கட்டாயம் வந்து உண்டு போட்டுத்தான் போவோணும்."

கோயில் திருவிழாவை இங்கே நோம்பி என்பார்கள். கூப்பிட்டார், நான் மறுக்கவில்லை. ஆனால் வாய் வார்த்தைக்குக் கூப்பிடுவது எது, தேவைக்குக் கூப்பிடுவது எது என்று எனக்குத் தெரியாதா? லைன் மாறிப் போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். தெருவில் எதிரே வந்தால்கூட அடையாளம் தெரியாத மாதிரிப் போவார்கள்.

ஞாயிறு மதியம் கம்பத்தில் ஏறி டையை நன்றாக இறுக்கினேன். முழுவதும் அறுக்கவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாள் பொறுத்தால் போதும், திங்கள் காலை அந்தக் கம்பெனி ஆட்கள் வருவதற்குள் நான் போய்ச் சரிசெய்து, இனி ஒருபோதும் கெடாதபடி வைத்துவிடலாம் என்பது என் கணக்கு. யார் கை நல்ல கை என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு டையைத் தொடுவதில்லை என்றும் முடிவு செய்திருந்தேன்.

அறைக்கு வந்து போனில் எங்கள் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டேன். அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புள்ளி. லைன் இருந்தால் பச்சை, போனால் சிவப்பு. அவர் வீட்டுப் புள்ளி சிவப்பாகவே இருந்தது. நான் முட்டைக் குழம்பு வைக்க வெங்காயம் நறுக்கினேன். பார்த்தால் பச்சை. கொஞ்ச நேரத்தில் சிவப்பு. மறுபடி பச்சை. எனக்குப் புரிந்துவிட்டது. சுவிட்சை அணைத்துப் பத்து எண்ணிப் போடுகிறார். பச்சையாக இருந்த நேரத்தில் என் போன் அடித்தது, அவர் பெயர். எடுக்கவில்லை. அதுவாகவே அறுந்தது. மறுபடி சிவப்பு, மறுபடி பச்சை, மறுபடி போன். சாயங்காலம் முழுக்க இப்படியே போயிற்று. பச்சைக்கும் பச்சைக்கும் நடுவே நேரம் கூடிக்கொண்டே வந்தது. விளக்கு வைத்ததற்கு அப்புறம் பச்சை வரவில்லை. டிவி பார்க்க உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கள் காலை கடலை மிட்டாய் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு போனேன். எங்கள் பக்கத்து மிட்டாய் அவருக்குப் பிடிக்கும். முதலில் கம்பத்தில் ஏறி டையை வெட்டி எறிந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். பின்கதவு திறந்திருந்தது. குளியலறையிலிருந்து ஹால் வரை தரையில் ஈரம் இழுபட்டுக் காய்ந்த தடம். ரௌட்டர் சுவிட்சுக்குக் கீழே சுவரோடு சாய்ந்து கிடந்தார். போன் மடியில் இருந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது. ரௌட்டரில் எல்லா விளக்குகளும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் போன் அடித்தது. அனிதா. எடுத்தேன்.

"அம்மா, நேத்துப் பூரா ஏன் எடுக்கல? அம்மா?"

போனைக் கூரைப் பக்கம் திருப்பிப் பிடித்தபடி நின்றேன். பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் அழுதது முழுவதும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. படம் ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை.

வழுக்கி விழுந்ததில் மண்டைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, சாயங்காலத்துக்குள் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். கேமராவுக்குள் இருந்த கார்டில் அவர் தவழ்ந்து வந்ததும், எட்டி எட்டிச் சுவிட்சைப் போட்டதும் இருப்பதாகச் சொன்னீர்கள். அதை எனக்குக் காட்ட வேண்டாம். மகளுக்கு ஏன் போடவில்லை என்று நீங்கள் கேட்டபோது உங்கள் ஏட்டு, "மக அயர்லாந்துல இருக்குதுங்க, இவன் பைக்ல பத்து நிமிசம்" என்றார். ஏட்டு அப்படித்தான் யோசிப்பார். அந்த நேரத்தில் சாரதாமணியம்மா கூப்பிட்டது மகளை அல்ல, என்னை. அதை நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

இப்போது நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது அந்த ஒரு அழைப்பைப் பற்றி. வந்ததில் ஒன்றை நான் எடுத்ததாகப் போனில் பதிவாகியிருக்கிறது. ஆமாம், எடுத்தேன். இரண்டாவதோ மூன்றாவதோ. நான் பேசவில்லை. அவர் பேசினார். லைன் அப்போது நன்றாக இருந்தது, ஒரு சொல்கூட விட்டுப்போகவில்லை.

"கண்ணு, வழுக்கி உளுந்துட்டன். எந்திரிக்க முடியல. வா கண்ணு."

அறுந்துவிட்டது. நான் அடுப்பை அணைத்தேன். சட்டையை மாட்டினேன். பைக் சாவியைக் கையில் எடுத்தேன். கதவருகே போகும்போது புள்ளி பச்சையானது, மறுபடி போன் அடித்தது. அவர் பெயரைப் பார்த்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். போயிருந்தால் பத்து நிமிடத்தில் அங்கே இருந்திருப்பேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பேன், அனிதா விமானம் ஏறி வந்திருப்பார், திங்கள்கிழமை ஆட்கள் வந்து லைனை மாற்றியிருப்பார்கள், நான் பழையபடி நெட்காரன் ஆகியிருப்பேன். போகாமல் இருந்தவரை அவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை ஐயா.